ஓட்டு மெஷினும் 'தொடரும்' போட்ட கதைகளும்: நம்ம ஊர் சுஜாதா

'முதல்வன்' படத்துல வர்ற அந்த ஒரு நாள் முதலமைச்சர் பேட்டியை எத்தனை தடவை பாத்திருப்பீங்க? 'அந்நியன்', 'சிவாஜி', 'எந்திரன்' வசனம் எல்லாம் இன்னிக்கும் நம்ம ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல மீம்ஸா சுத்திட்டு இருக்கு. போன தேர்தல்ல முதல் ஓட்டுப் போட்டவங்க, பட்டனை அழுத்தினதும் ஒரு 'பீப்' கேட்டிருப்பீங்க. இந்தப் படங்களுக்கு வசனம் எழுதினவரும், அந்த ஓட்டு மெஷினை உருவாக்கின பொறியாளர்கள்ல முக்கியமானவரும் ஒரே ஆள். நம்ம காட்டூர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல போயிடக்கூடிய ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவர். பேரு எஸ். ரங்கராஜன். ஊருக்குத் தெரிஞ்ச பேரு சுஜாதா.

இங்கிலீஷ் மீடியத்துல படிச்சுட்டு, தமிழை ரெண்டாவது மொழிப் பாடமா மட்டும் பாத்தவங்க நம்மள்ல நிறைய பேர். தமிழ்ப் புத்தகம்னாலே நாலு பக்கத்துல தூக்கம் வரும்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கீழச் சித்திரை வீதிப் பையன்

பிறந்தது சென்னை திருவல்லிக்கேணியில், 1935 மே 3. அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபர் என்பதால் பையனை ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் விட்டார்கள். அங்கேயே ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. அப்புறம் தெப்பக்குளம் பக்கத்துல நாம தினமும் பஸ்ல தாண்டிப் போற செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். அதே காலத்தில் அங்கே படித்த இன்னொருவர் அப்துல் கலாம். ரெண்டு பேருமே அடுத்து சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார்கள். கலாம் விமானப் பொறியியல், ரங்கராஜன் எலெக்ட்ரானிக்ஸ்.

படிப்பு முடிந்ததும் சிவில் ஏவியேஷனில் வேலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 'பெல்'னு சொன்னா நமக்கு உடனே திருவெறும்பூர் ஞாபகம் வரும். இது அந்த பெல் இல்ல. ரேடார் செய்யற கம்பெனி. ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான் இருந்தார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, அடுத்து வர்றது எல்லாம் அந்த வேலை நேரம் போக எழுதினதுதான்.

ரங்கராஜன் எப்படி சுஜாதா ஆனார்?

முதல் கதை 1953-ல் திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த 'சிவாஜி' பத்திரிகையில் வந்தது. அப்போ அவருக்கு வயசு 18. அதுக்கப்புறம் பெரிய இடைவெளி. 1962-ல் 'குமுதம்' இதழில் 'இடது ஓரத்தில்' என்ற சிறுகதை வந்தது. அங்கே ஒரு சிக்கல்: குமுதத்திலேயே ரா.கி. ரங்கராஜன்னு ஒரு பிரபல எழுத்தாளர் இருந்தார். ரெண்டு ரங்கராஜன் இருந்தா வாசகர் குழம்புவாங்க இல்லையா? அதனால மனைவி பேரையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' தொடர். அதில் கணேஷ் என்ற வக்கீல் வந்தார். பின்னாடி அவருக்கு வசந்த்னு ஒரு ஜூனியர் சேர்ந்தான். கேஸை நிதானமா யோசிக்கிறவர் ஒருத்தர், வாய் ஓயாம ஜோக் அடிக்கிறவன் ஒருத்தன். இந்த ஜோடியை வாசகர்கள் நிஜ மனுஷங்க மாதிரியே நினைக்க ஆரம்பிச்சுட்டாங்க. 'காயத்ரி' 1977-லும், 'ப்ரியா' 1978-லும் ரஜினி நடித்த படங்களாகவே வந்துவிட்டன.

ஒரு வாரம், சில பக்கம், ஒரு முடிச்சு

இன்னிக்கு நாம ஒரே ராத்திரியில ஒரு வெப் சீரிஸை முடிச்சுடறோம். அப்போ ஒரு கதைக்கு மாசக்கணக்கில் காத்திருக்கணும். வாரப் பத்திரிகையில் ஒரு அத்தியாயத்துக்குக் கிடைப்பது சில பக்கங்கள்தான். அதிலேயே ஓவியத்துக்கும் இடம் விடணும். போன வாரம் படிக்காதவருக்கும் புரியணும், படிச்சவருக்கு போரடிக்கக் கூடாது. கடைசி வரியில் 'தொடரும்' வரும்போது அடுத்த வாரம் கடைக்கு ஓடவைக்கணும். இதுதான் அவருக்குக் கிடைத்த ஸ்பெசிஃபிகேஷன்.

அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, வெட்டுவது. சூரியன் உதிப்பதை ஒரு பக்கம் வர்ணிக்க மாட்டார். கதை நடுவுலதான் ஆரம்பிக்கும். ஆள் எப்படிப்பட்டவன்னு அவன் பேசற ரெண்டு வரியில தெரிஞ்சுடும். வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் முடியும். ஒருத்தன் படி இறங்கறதைக் காட்ட எழுத்துகளையே படிப்படியா கீழே இறங்கற மாதிரி அச்சடிக்க வைத்தார். பேச்சுத் தமிழும், ஆபீஸ் இங்கிலீஷும், பழைய இலக்கியச் சொல்லும் ஒரே பத்தியில் சண்டை போடாம உட்காரும்.

இந்த இடத்துலதான் ஓட்டு மெஷின் எனக்கு முக்கியமா படுது. அதோட அமைப்பைப் பாருங்க. வாக்குச்சாவடி அதிகாரிகிட்ட ஒரு கன்ட்ரோல் யூனிட், மறைப்புக்குள்ள ஒரு பேலட் யூனிட், நடுவுல 5 மீட்டர் கேபிள். அதிகாரி பட்டனை அழுத்தினால்தான் ஒரு ஓட்டுக்கு வழி திறக்கும், போட்டதும் மூடிக்கும். கரன்ட் இல்லாத கிராமத்திலும் ஓடணும், அதனால பேட்டரி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் யார்கிட்டயும் கேட்காம சின்னத்தைப் பாத்து அழுத்திட்டுப் போகணும். 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இந்த முறை முதலில் பயன்பட்டது. சட்டத்தில் இதுக்கு இடமில்லைன்னு 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அங்கே மறுவாக்குப்பதிவு நடந்தது. பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க மெஷின்தான்.

பயன்படுத்தறவர் தடுக்கி விழுந்தா தப்பு டிசைன் பண்ணவன்மேல. மெஷினுக்கு இருக்கிற இந்த விதியை அவர் தமிழ் வாக்கியத்துக்கும் போட்டார்னு நான் நினைக்கிறேன். 'ஜூனியர் விகட'னில் வந்த 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி-பதிலைப் புரட்டிப் பாருங்க, தெரியும். மூளையைப் பற்றி 'தலைமைச் செயலகம்', சிப் பற்றி 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று புத்தகங்கள். கம்ப்யூட்டரை நேர்ல பாக்காதவங்களுக்கு அதைத் தமிழ்ல விளக்கினவர். அறிவியலை மக்களிடம் கொண்டுபோனதற்காக 1993-ல் மத்திய அரசின் தேசிய விருதும் கிடைத்தது. நம்ம புராஜெக்ட் ரிவ்யூவில் ஒரு சர்க்யூட்டைத் தமிழ்ல விளக்கச் சொன்னா நாக்கு ஒட்டிக்குதே, அதுக்கு மொழி காரணம் இல்லைன்னு அந்தப் பக்கங்களைப் படிச்சா புரியும்.

'நகரம்' என்று ஒரு கதை

த்ரில்லர் மட்டும் எழுதினவர்னு நினைச்சா, 'நகரம்' சிறுகதையைப் படிங்க. பத்தே நிமிஷம். கிராமத்திலிருந்து ஒரு அம்மா, காய்ச்சல்ல கிடக்கிற மகள் பாப்பாத்தியைத் தூக்கிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வர்றா. பெரிய டாக்டர் உடனே அட்மிட் பண்ணச் சொல்றார். ஆனா ஒரு சீட்டு, இன்னொரு அறை, ஒரு கியூ, 'நாளைக்கு வா'. கதையில் வில்லனே கிடையாது. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையை ஏதோ செஞ்சுட்டுத்தான் இருக்காங்க. சிஸ்டம்தான் அந்தக் குழந்தையைத் தவற விடுது. படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்காக யாருமே அந்த ஆஸ்பத்திரியை டிசைன் பண்ணலை. முடிவை நான் சொல்லலை.

சரி, இவர் பெரிய எழுத்தாளரா?

வணிக எழுத்தாளர் என்ற முத்திரை அவர் மேல கடைசி வரை இருந்தது. இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதில்லை. ஜெர்மன் மொழியில் யோஹானஸ் மரியோ ஸிம்மெல்னு ஒருத்தர். வியன்னாவில் பிறந்தவர், படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங். புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றன. விமர்சகர்கள் ரொம்ப காலம் பொழுதுபோக்கு எழுத்துன்னு ஒதுக்கியே வெச்சிருந்தாங்க.

சுஜாதா மேல வைக்கிற குறைகளில் நியாயமும் உண்டு. வாரா வாரம் எழுதின அவசரம் சில நாவல்களோட முடிவுல தெரியும். பெண்களை வசந்த் வர்ணிக்கிற விதம் இன்னிக்குப் படிச்சா நெளிய வைக்கும். 'அந்தக் காலம் அப்படி'ன்னு தாண்டிப் போக எனக்கு முடியலை. 1857 பின்னணியில் குமுதத்தில் தொடங்கிய தொடர் ஒன்று, ஒரு சமூகத்தினரின் எதிர்ப்பால் நின்றுபோனது. பிறகு அதை 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு கதையாக எழுதினார்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. லட்சக்கணக்கான பேர் படிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டே 'கணையாழி' என்ற சிறு பத்திரிகையில் கடைசிப் பக்கம் எழுதினார். விகடனின் 'கற்றதும் பெற்றதும்' பத்தியில் புதுக் கவிஞர்களை அறிமுகப்படுத்தினார். நா. முத்துக்குமாரின் 'தூர்' கவிதையை மேடையில் வாசித்துப் பாராட்டியவரும் இவர்தான். தன்னைப் படிக்க வந்தவங்களைத் தன்னோட நிறுத்திக்காம அடுத்தவங்க கிட்டயும் அனுப்பிவெச்சார்.

2008 பிப்ரவரி 27-ல் காலமானார். 'எந்திரன்' 2010-ல் வந்தபோது வசனத்தில் அவர் பெயர் இருந்தது, அவர் இல்லை.

எங்க ஆரம்பிக்கலாம்?

முதல்ல 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. ரங்கு கடை, கிரிக்கெட், குண்டு ரமணி, வீதி நிறைய விசித்திரமான மனுஷங்க. ஊர் நமக்குத் தெரிஞ்சது என்பதால் தமிழ் வேகமா ஓடும். அடுத்து 'கொலையுதிர் காலம்': பேயா, ஹோலோகிராமான்னு கணேஷும் வசந்தும் மண்டையை உடைச்சுப்பாங்க. மூணாவது 'என் இனிய இயந்திரா': 2020-களில் நடக்கும்னு 1980-களில் எழுதின கதை. ஒரு சர்வாதிகார ஆட்சி, புத்தகம் படிக்கிற ஜீனோ என்ற ரோபோ நாய். ஏ.ஐ. பாடம் படிக்கிறவங்க அவசியம் பாருங்க. அப்புறம் 'நகரம்'.

பிளேஸ்மென்ட் ஆர்டர் வந்துட்டா எழுதறது, வரையறது, பாடறது எல்லாத்தையும் மூட்டை கட்டணும்னு நம்ம பேட்ச்ல பலர் பேசறதைக் கேட்கிறேன். எல்லாராலும் சுஜாதா மாதிரி முடியாதுதான். ஆனா அவர் வேலையை விட்டுட்டு எழுதலை, எழுத்தை விட்டுட்டு வேலை பாக்கலை. மாவட்ட மைய நூலகத்துல அவர் புத்தகங்கள் கிடைக்கும். இந்த லீவுக்கு ஒண்ணு எடுத்துப் படிங்க. பிடிச்சாலும் சரி, பிடிக்கலைன்னாலும் சரி, ஏன்னு ஒரு பக்கம் எழுதி அடுத்த இதழுக்கு அனுப்புங்க. தமிழ்லயே.