பால் ஊறுவது வேறு, இறங்குவது வேறு

கன்றை அவிழ்த்துவிட்டால் ஓடிப்போய் மடியை முட்டும். நாலு வாய் சப்புவதற்குள் காம்புகள் பருத்து விறைக்கும். கறப்பவர் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுச் செம்போடு உட்காருவார். முட்டியதற்கும் சுரந்ததற்கும் இடையே சுமார் ஒரு நிமிடம். அதற்குள் காம்பின் நரம்புகள் மூளைக்குத் தகவல் சொல்லி, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பாலை உண்டாக்கியது ஆக்சிடோசின் அல்ல.

மடி வளர்வதே பல ஹார்மோன்களின் கூட்டுவேலை. கிடேரி பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் மடிக்குள் பால்நாளங்களைக் கிளைவிடச் செய்கிறது. சினை பிடித்தபின் புரோஜெஸ்டிரோன் அக்கிளைகளின் நுனியில் நுண்ணறைகளைப் பெருக்குகிறது. பாலூறும் இடம் இவைதான். வியப்பு என்னவென்றால், அறைகளை வளர்க்கும் புரோஜெஸ்டிரோனே கன்று பிறக்கும்வரை பால் பெருகாமல் தடுத்தும் வைக்கிறது. ஈனும் தறுவாயில் அதன் அளவு சரிகிறது. புரோலாக்டின், கார்டிசோல், இன்சுலின் ஆகியவற்றின் கை ஓங்கி, பால் பெருகத் தொடங்குகிறது. பசுவில் அதன்பின் பாலின் அளவு குறையாமல் காப்பதில் வளர்ச்சி ஹார்மோனுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஊறிய பாலில் ஏறக்குறைய 80 சதவீதம் நுண்ணறைகளிலும் சிறு நாளங்களிலுமே தங்கியிருக்கும். ஒவ்வோர் அறையையும் வலைப்பைபோலத் தசைச் செல்கள் சூழ்ந்திருக்கின்றன. ஆக்சிடோசின் பட்டதும் அவை சுருங்கிப் பாலைக் கீழே தள்ளுகின்றன.

1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஈலியும் பீட்டர்சனும் மடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார்கள். அந்தப் பாதியிலும் பால் இறங்கியது. பாலை இறக்கும் பொருள் ரத்தத்தில்தான் வருகிறது என்பது தெளிவாயிற்று. காகிதப் பைகளை வெடித்து மாட்டை மிரட்டியபோதோ பால் சரியாக இறங்கவில்லை. மிரட்சியில் சுரக்கும் அட்ரினலின், ஆக்சிடோசினின் வேலையைக் கெடுக்கிறது. மாடு பாலை எக்கிக்கொள்வதன் காரணம் இதுதான். அதை அடிப்பதால் மிரட்சி கூடுமே தவிரப் பால் வராது.

சில தொழுவங்களில் தினமும் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். இது பெரும் தவறு. ஊசி, ஊறியிருக்கும் பாலை வெளியேற்றுமே தவிர மடியில் புதிதாகப் பாலை உண்டாக்காது. பழகிவிட்டால் ஊசியில்லாமல் மாடு சுரப்பு விடவும் தயங்கும்.

சுரந்த ஆக்சிடோசின் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆகவே மாட்டைத் தட்டிக்கொடுத்து, மடியைக் கழுவித் துடைத்து, சுரப்பு விட்டதும் ஆறேழு நிமிடங்களுக்குள் ஒட்டக் கறந்துவிடுங்கள்.