பிரிந்த குழு, கழன்ற ‘எச்’

உங்கள் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் பாட்டு, இரும்புப் பட்டறைக்குள் யாரோ சண்டை போடுவதுபோல் இருக்கிறதா? ஒரு வகையில் அது உண்மைதான். ‘மெட்டல்’ இசையின் தொட்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம். நம் பாசிர் கூடாங் மாதிரி தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமி, 17 வயதில் இயந்திரத்தில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடி கித்தாரைத் தொட்டார். பின்னாளில் தந்திகளையும் தளர்த்தினார். சுருதி கீழே இறங்கியது. ‘பிளாக் சபாத்’ குழுவின் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். அதே ஊரில் 1988-இல் தொடங்கிய ‘காட்ஃபிளெஷ்’, தாளத்தையே இயந்திரத்திடம் ஒப்படைத்தது. ‘இண்டஸ்ட்ரியல் மெட்டல்’ வகைக்கு அது ஒரு முன்னோடி.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், 1992-இல், மூன்று இளைஞர்கள் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். கதிர் பாடிக்கொண்டே பேஸ் கித்தார் வாசிப்பார்; பாலா கித்தார்; சிவா டிரம்ஸ். பெயர் ‘ருத்ரா’. வானொலியில் இடமில்லாத இசை அது. கெசட் கைக்குக் கை மாறியே இத்தகைய குழுக்கள் ஊரறிந்தன. 1994-இல் இவர்களும் ஒரு மாதிரிப் பதிவை வெளியிட்டார்கள். பெயர் பரவத் தொடங்கிய நேரத்தில், 1996-இல், குழு கலைந்தது.

இருபது வயதுகளில் இருக்கும் எந்தக் குழுவுக்கும் இது நேரக்கூடியதுதான். படிப்பு, வேலை, கல்யாணப் பேச்சு என்று ஆளுக்கொரு திசை. அதிலும் காசு வராத இசை என்றால் வீட்டில் கேட்கவே வேண்டாம். ஆனால் சில மாதங்களில் இவர்கள் மறுபடி கூடினார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டில் இருந்த ‘எச்’ மட்டும் திரும்பி வரவில்லை.

1998-இல் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பம். 2001-இல் ‘தி ஆரியன் குருசேட்’. தமிழர்கள் நடத்தும் குழுவுக்கு இப்படியொரு தலைப்பா என்று எனக்கும் உறுத்தியது. ‘ஆரிய’ என்பதை ‘மேன்மையான’ என்ற பழைய பொருளில் எடுத்துக்கொண்டார்கள். பாடல்களில் தமிழைவிட ஆங்கிலமும் சமஸ்கிருதமுமே அதிகம். அந்த மனக்குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனாலும் உபநிடதக் கருத்துகளை அடித்தொண்டை உறுமலில் பாடுவதென்பது அதுவரை அரிதான காரியம். இதற்கு ‘வேதிக் மெட்டல்’ என்றே பெயர் வந்தது. கதிர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். மேடை வேடத்துக்காகச் சுலோகம் சொல்பவர் அல்லர். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ வரிசையில் மூன்று ஆல்பங்கள் வந்தன. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் இந்தக் குழுவையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் சேர்த்து ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் காற்று வேறு மாதிரி அடித்தது. 2001-இல் ‘பிளாக் மெட்டல்’ கேட்கும் இளைஞர்கள்மீது மலேசியாவில் கெடுபிடி தொடங்கியது. 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் அந்த இசை முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்று அறிவித்தது. கறுப்புச் சட்டையும் நீண்ட முடியும் இருந்தாலே சந்தேகப் பார்வைதான். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? உறுமி மேளம் பழகப் போகும் பையனையே ‘உருப்படமாட்டான்’ என்று சொன்னவர்கள்தானே நாம்!

இயந்திரத்தைத் தாளம் போட வைத்த காட்ஃபிளெஷும் 2002-இல் உடைந்தது. அவர்கள் மீண்டும் சேர 2010 ஆனது. ருத்ராவுக்குச் சில மாதங்களே போதுமாயிருந்தன. 2022-இலும் புதிய ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்கள்.