மா: ஓரெழுத்தும் பல மொழிகளும்

தமிழ் முஸ்லிம்களின் நாவில் நெடுங்காலமாகப் பழகிவரும் சொற்களுள் ஒன்று ‘மாநபி’. பெருமைக்குரிய நபி என்பது அதன் பொருள். மாநகர், மாகடல் என்பவற்றில் உள்ள அதே ‘மா’ இங்கும் நிற்கிறது. தமிழ் அறியாத ஓர் அரபு ஆசிரியரின் செவியில் இவ்வொலி விழுந்தால் அவர் ஒரு கணம் திடுக்கிடக்கூடும். அவருடைய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘மா’ பெரும்பாலும் ‘இல்லை’ என்னும் பொருளையே நினைவூட்டும். நாம் புகழ்ச்சியாகச் சொன்னது அவருக்கு மறுப்பாகக் கேட்கும். சொல்லில் குற்றமில்லை, கேட்கும் செவிதான் வேறு.

இந்த ஓரெழுத்துச் சொல்லை நாம் சற்று நின்று நோக்குவோம். நன்னூலார் தமிழில் ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று கணக்கிட்டார். அவற்றுள் ‘மா’வைப் போல் பல சுமைகளைத் தாங்குவன சிலவே. மாமரம் மா, விலங்கு மா, விலங்குகளுள் சிறப்பாகக் குதிரையும் மா. அரைத்த பொடியும் மாதான். தமிழகத்தில் அது ‘மாவு’ என நீண்டுவிட்டது. இலங்கைத் தமிழர் இன்றும் ‘கோதுமை மா’ என்றே வழங்குகின்றனர். பழைய கணக்கு வாய்பாட்டில் இருபதில் ஒரு பங்கு மா. வேலியின் இருபதில் ஒரு பங்காகிய நிலமும் மா. தஞ்சைப் பகுதி உழவரிடம் மூன்று மா நிலம் என்றால், ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று உடனே புரிந்துகொள்வார். கருமை, அழகு, திருமகள் என்று நிகண்டுகள் காட்டும் பொருள்கள் இன்னும் உள.

இத்தனை பொருள்களுக்கிடையே தமிழர் எவ்வாறு குழம்பாதிருந்தனர்? விடை தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் இருக்கிறது. மரத்தைக் குறிக்கும் மாவும் விலங்கைக் குறிக்கும் மாவும் வேறு சொல்லோடு புணரும்போது வெவ்வேறு வகையில் திரியும் என அது விதி வகுக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு சுவையானது. ‘மாஅங்கோடு’ என்றால் மாமரத்தின் கிளை. ‘மான்கோடு’ என்றால் விலங்கின் கொம்பு. கோடு என்பதற்கே இரு பொருள். மாவுக்கோ பல பொருள். ஆயினும் இடையில் ஒலிக்கும் ஒரு மெல்லெழுத்து ஐயத்தை நீக்கிவிடுகிறது. மாங்காய், மாம்பழம் என்று நாம் நாள்தோறும் சொல்லும்போதும் இந்த விதியின் நிழலில்தான் நிற்கிறோம்.

அரபு மொழியிலும் இதே நிலைதான். அங்கே ‘மா’ மீமும் அலிஃபும் சேர்ந்த இரண்டெழுத்துச் சொல். ‘என்ன?’ என்று வினவும், ‘இல்லை’ என்று மறுக்கும், ‘எதுவோ அது’ என்று சுட்டி இணைக்கும், வியக்கும், நிபந்தனை விதிக்கும், சில இடங்களில் முன்னுள்ள சொல்லின் இலக்கண ஆட்சியைத் தடுத்து நிறுத்தும், சில இடங்களில் அழுத்தத்திற்காக மட்டும் வரும். ஹிஜ்ரி 761இல் மறைந்த இப்னு ஹிஷாம் தமது ‘முக்னீ அல்லபீப்’ நூலில் இதனைப் பெயர்ச்சொல் என்றும் இடைச்சொல் என்றும் இரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மும்மூன்றாக வகுத்து விரிவாக ஆராய்கிறார்.

அரபு இலக்கணம் தோன்றிய வரலாற்றோடும் இச்சொல்லுக்குத் தொடர்பு உண்டு. அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்களின் மகள் ஓரிரவு வானத்தைக் கண்டு, ‘வானம் எவ்வளவு அழகு!’ என்று வியக்க எண்ணினார். ஆனால் சொல்லிறுதி உயிரொலிகளை மாற்றி ஒலித்துவிட்டார். தந்தையார் அதனை வினாவாகக் கொண்டு, ‘வானத்தில் மிக அழகானவை விண்மீன்கள்’ என்று விடை கூறினார். ‘நான் கேட்கவில்லை, வியந்தேன்’ என்றார் மகள். மொழி சிதைவதை உணர்ந்த தந்தையார் இலக்கணம் வகுக்க முனைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இச்செய்தி பல வடிவங்களில் வழங்குகிறது. ஒரு வடிவத்தில் பேச்சு வெப்பத்தைப் பற்றியது. எவ்வடிவமாயினும் அதில் இடறியது ‘மா’தான். நஹ்வு பயின்றோர் இதன் விளக்கத்தை நன்கறிவர். ‘மா அஹ்ஸன ஸைதன்’ என்றால் ‘ஸைது எவ்வளவு நல்லவர்!’; ‘மா அஹ்ஸன ஸைதுன்’ என்றால் ‘ஸைது நன்மை செய்யவில்லை’; ‘மா அஹ்ஸனு ஸைதின்’ என்றால் ‘ஸைதிடம் மிகச் சிறந்தது எது?’. எழுத்தில் குறியீடு இல்லையேல் பின்னிரண்டும் ஒன்றே. தமிழில் மெல்லெழுத்து செய்த பணியை இங்கே இஃராப் செய்கிறது.

இனி வேறு மொழிகளுக்குச் செல்வோம். பாரசீகத்தில் ‘மா’ என்றால் ‘நாம்’. சமஸ்கிருதத்தில் ‘வேண்டா’ என்று தடுக்கும் சொல். இத்தாலியில் ‘ஆனால்’. பிரெஞ்சில் பெண்பாற் பெயருக்கு முன் வரும் ‘என்னுடைய’. சீன மொழியிலோ ஒலிப்பின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தாய், சணல், குதிரை, ஏசுதல் என நான்காகப் பிரியும். தொடரின் இறுதியில் அழுத்தமின்றி வந்தால் வினாவாகவும் ஆகும். சீன முஸ்லிம்களாகிய ஹூயி மக்களிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர் ‘மா’. முஹம்மது என்னும் திருப்பெயரின் முதல் ஒலியைச் சீன எழுத்தில் குறிக்கக் குதிரைக்குரிய எழுத்தைக் கையாண்டதால் அது அமைந்தது என்பது பரவலான விளக்கம். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹெ பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயரும் மா. அவருடைய கடற்பயணங்களில் மொழிபெயர்ப்பாளராகச் சென்று பயண நூல் எழுதிய மா ஹுவானும் முஸ்லிமே.

செங் ஹெ நிறுவிய கல்வெட்டு ஒன்று 1911இல் இலங்கையின் காலியில் கண்டெடுக்கப்பட்டது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் உள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் சார்ந்து பேசுகின்றன. மூன்றும் வெவ்வேறு மொழிக் குடும்பங்கள். மூன்றிலும் ‘மா’ உண்டு. அக்கல்லின் முன் அம்மொழியினர் மூவர் நின்று அச்சொல்லை உரக்கச் சொன்னால், ஒருவர் குதிரையையும், ஒருவர் மாமரத்தையும், ஒருவர் தம் கூட்டத்தையும் எண்ணியிருப்பர்.

இங்கேதான் ஓர் இடர் தோன்றுகிறது. சீனத்திலும் மா குதிரை, தமிழிலும் மா குதிரை. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூறிவிட ஆவல் எழும். வடமொழி ‘மா’வும் மறுக்கிறது, அரபு ‘மா’வும் மறுக்கிறது; ஆகவே அவை உறவினர் என்பாரும் உளர். இவ்வாறு சொல்லுக்குச் சொல் ஒட்டி, உலக மொழிகள் யாவும் தம் மொழியின் பிள்ளைகள் என்று நிறுவ முற்படுவோர் தமிழரிலும் உண்டு, அரபியரிலும் உண்டு. மொழிப்பற்று நன்றே, ஆனால் இதனை ஆய்வு என்று நம்மால் ஏற்க இயலவில்லை.

உண்மையான உறவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. காலத்தில் பின்னோக்கிச் செல்லவேண்டும். உறவுடைய சொற்கள் பின்னே செல்லச் செல்ல நெருங்கிவரும். தற்செயலாய் ஒத்தவை விலகிப்போகும். பாரசீக ‘மா’ பழம்பாரசீகத்தில் ‘அமாகம்’ என்பதை ஒத்த நீண்ட சொல், தேய்ந்தே ஓரசையானது. சீனத்தின் குதிரைக்குப் பழங்காலத்தில் மகரத்தை அடுத்து ஒரு ரகரமும் இருந்தது என மொழிநூலார் மீட்டெடுத்துள்ளனர். பர்மிய எழுத்து வழக்கின் ‘ம்ரங்’ அதற்குச் சான்று. தமிழ் மாவோ முதலில் பொதுவாக விலங்கு. குதிரை அதற்குள் அடங்கியது. அரபில் தண்ணீரைக் குறிக்கும் ‘மாஉ’ கூட வினாவுக்குரிய ‘மா’வின் உடன்பிறப்பு அன்று. அதன் இறுதியில் ஹம்ஸா உண்டு. ‘மியாஹ்’, ‘அம்வாஹ்’ என்னும் பன்மைகளை நோக்கினால் மீம், வாவ், ஹா என்னும் வேர் வெளிப்படும். தமிழ் எழுத்தில் எழுதும்போது மங்கிவிடும் இவ்வேறுபாட்டை, நம் முன்னோரின் அரபுத்தமிழ் எழுத்து குன்றாமல் காக்கும்.

தாயைக் குறிக்கும் சொற்கள் தனி வகை. குழந்தையின் இதழ்கள் முதலில் எளிதாய்க் கூட்டும் ஒலிகளுள் மகரமும் ஆகாரமும் அடங்கும் என்பதை ரோமன் யாகப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஆனால் ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை! மழலைக்குப் பொருள் சூட்டுவோர் பெரியவர்களே.

கடன் சொல்லுக்கு வழித்தடம் இருக்கும். தென்னிந்தியாவின் மாங்காய், போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி ஐரோப்பா சென்றது. கப்பலும் வணிகமும் அதற்குச் சாட்சி. அதே கனியை இப்னு பதூதா வட இந்திய வழக்கையொட்டி ‘அன்பா’ என்று எழுதினார். ஈராக்கிலும் வளைகுடாவிலும் ‘அம்பா’ வேறு வழியாய் வந்து சேர்ந்தது. நம் செவிக்கு இனிய இன்னோர் ஒற்றுமையும் உண்டு. சங்கத் தமிழில் ‘கலிமா’ என்றால் துள்ளியெழும் குதிரை. நாம் மொழியும் கலிமாவோ ‘சொல்’ என்று பொருள்படும் அரபுச் சொல். இரண்டுக்கும் இடையே வழித்தடம் ஏதுமில்லை, இரசித்துவிட்டு நகரவேண்டியதுதான்.

பிறமொழிச் சொற்களின் வெளித்தோற்றம் நம்மை ஏமாற்றினால் நட்டம் சிறிது. ஒரே மொழிக்குள், அதுவும் இறைவேதத்தில், ‘மா’வைப் பிரித்தறிவது பெரும் பொறுப்பு. அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். அதில் தனித்து நிற்கும் ‘மா’ ஒன்பது. ‘இன்னமா’வில் ஒட்டி நிற்பது ஒன்று. ‘எதுவோ அது’ என்பனவும் ‘இல்லை’ என்பனவும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. சுலைமான் நபி (அலை) அவர்கள் இறைமறுப்புச் செய்யவில்லை என்னும் இடத்தில் மறுப்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதை அடுத்து, பாபில் நகரின் வானவர் இருவரைப் பற்றி வரும் மாவில்தான் கருத்து பிரிகிறது. அதனை இணைப்புச் சொல்லாகக் கொண்டால், அவ்விருவருக்கும் ஏதோ இறக்கப்பட்டது, அது மக்களுக்குச் சோதனை என்று பொருள். இமாம் தபரீ (ரஹ்) இதனையே ஏற்றார். மறுப்பாகக் கொண்டால், அவர்களுக்குச் சூனியம் இறக்கப்படவேயில்லை என்று பொருள். இமாம் குர்துபீ (ரஹ்) இதனையே தேர்ந்தார். இரண்டெழுத்துகளின் மேல் வானவரின் நிலை பற்றிய ஒரு பெரும் விவாதம் நிற்கிறது.

இருவரும் மற்றக் கருத்தை அறியாதவரல்லர். அதனையும் பதிவு செய்தே தத்தம் முடிபைக் கூறினர். தமிழில் பெயர்ப்போருக்கு இந்த வசதி இல்லை. ‘இறக்கப்பட்டதையும்’ என்றோ ‘இறக்கப்படவில்லை’ என்றோ ஒன்றை எழுதியாக வேண்டும். இரண்டையும் தாங்கும் ஒரு சொல் தமிழில் கிடையாது. ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் வாசிப்பவருக்கு அங்கே இரண்டு வழிகள் இருந்தன என்பதே தெரியாமற் போகும். அப்பக்கத்தின் அடியில் இரண்டு வரிக் குறிப்பு ஒன்று இருந்தால் போதும். நம் வீடுகளிலுள்ள மொழிபெயர்ப்புகளை எடுத்து, இவ்வசனத்தின்கீழ் அக்குறிப்பு இருக்கிறதா என்று வாசகர்கள் பார்க்கலாம்.