கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்!

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்க முடியுமா?

முடியும்! அதற்கு இரும்பும் இல்லை; கம்பியும் இல்லை. வெறும் கணக்கினால் ஆனது. "வர்ச்சுவல் மெஷின்" என்று அதற்குப் பெயர். தமிழில் "நிழல் கம்ப்யூட்டர்" என்று சொல்லலாம்.

இது நேற்றுப் பிறந்த வித்தை அல்ல. அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி 1960-களிலேயே இதைச் செய்து பார்த்தது. அப்போது அறை நிறைய நின்ற ராட்சத எந்திரங்களில் நடந்த வித்தை, பிறகு மேஜைக் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. 2007-ல் வெளியான "வர்ச்சுவல்பாக்ஸ்" என்ற சாப்ட்வேர் வீட்டு உபயோகத்துக்குக் காசில்லாமலே கிடைக்கிறது.

இதனால் என்ன லாபம்?

வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அப்பாவின் கடைக்கணக்கு அதில் இருக்கிறது. அக்காள் கல்யாணப் படங்களும் அதில்தான். கல்லூரியில் படிக்கும் பையன் "லினக்ஸ்" கற்க விரும்புகிறான். நிஜக் கம்ப்யூட்டரில் கை வைத்து ஏதாவது தவறினால், எல்லாம் அழிந்துபோகும். நிழல் கம்ப்யூட்டரில் எவ்வளவு தவறினாலும், கணக்கும் படமும் பத்திரம்!

கறுப்புத் திரை

நிழல் கம்ப்யூட்டர் பிறக்கும்போது வெறும் பெட்டி. அதற்கு உயிர் கொடுப்பது "லினக்ஸ்", "விண்டோஸ்" போன்ற இயங்குதளம். முன்பு அது வட்டத்தட்டில் வந்தது. இப்போது தட்டு முழுவதையும் அப்படியே படி எடுத்த ஒரு கோப்பாக வருகிறது. அதற்கு "ஐ.எஸ்.ஓ." என்று பெயர்.

கோப்பும் தயார்; பெட்டியும் தயார். பொத்தானை அமுக்கினால், திரை கறுப்பாகவே நிற்கிறது! "துவக்கத் தகுந்த தட்டு எதுவும் இல்லை" என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன.

இந்த இடத்தில் பதறக்கூடாது. பதற்றத்தில் நிஜக் கம்ப்யூட்டரின் வட்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, செய்யவே கூடாத காரியம். கோளாறு அங்கே இல்லை!

தட்டு உள்ளே இருக்கிறதா?

முதலில் பார்க்கவேண்டியது இதுதான். சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் பெரும்பாலும் இதுதான் காரணம். கோப்பு கம்ப்யூட்டரில் இருந்தால் மட்டும் போதாது. நிழல் கம்ப்யூட்டரின் அமைப்புப் பக்கத்தில், தட்டுப்பெட்டிக்கு நேரே அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவேண்டும். அங்கே "காலி" என்று இருந்தால், தட்டை வைக்காமலே பாட்டுப் பெட்டியை முடுக்கிய கதைதான்.

தட்டு இருந்தும் துவங்கவில்லையா? அந்தத் தட்டு துவக்கத் தகுந்ததா என்று பார்க்கவேண்டும்.

இதற்கு 1995-ல் ஒரு விதி வந்தது. தட்டில் 17 என்ற எண்ணுள்ள பகுதியில் ஒரு குறிப்பு இருக்கவேண்டும். துவக்கும் புரோகிராம் இருக்கும் இடத்துக்கு அது வழி காட்டும். இந்த விதிக்கு "எல் டோரிட்டோ" என்று பெயர். அது கலிபோர்னியாவில் உள்ள ஓர் ஓட்டலின் பெயர்! அங்கே சாப்பிடும்போது உதித்த யோசனை என்று சொல்வார்கள்.

சிலர் பழைய தட்டில் உள்ள கோப்புகளை மட்டும் எடுத்து, புதிய ஐ.எஸ்.ஓ. தயாரிக்கிறார்கள். கோப்புகள் எல்லாம் வந்துவிடும். அந்தக் குறிப்பு வராது. பிறகு எப்படித் துவங்கும்?

64 எழுத்துகள்

பல நூறு கோடி எழுத்து அளவுள்ள கோப்பு, இறங்கும் வழியில் கெட்டுப்போவதும் உண்டு. பார்வைக்குத் தெரியாது. அதனால்தான் வெளியிடுகிறவர்கள் "எஸ்.எச்.ஏ.-256" என்ற அடையாளத்தையும் கொடுக்கிறார்கள். அது 64 எழுத்துகளும் எண்களும் கொண்டது. கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் அடையாளம் மாறிவிடும். விண்டோசில் "செர்ட்யூட்டில்" என்ற கட்டளை இதைக் கணக்கிட்டுச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், மறுபடியும் இறக்கிக்கொள்வதே நல்லது. யாரோ கொடுத்த கோப்பை நம்பாமல், வெளியிட்டவர்களிடமே வாங்கவேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. "64 பிட்" இயங்குதளத்துக்கு, நிஜக் கம்ப்யூட்டரின் சிப்பில் உள்ள நிழல் வசதி திறந்திருக்கவேண்டும். சில கம்ப்யூட்டர்களில் அது மூடிக் கிடக்கும். அதைத் திறக்க மட்டுமே நிஜக் கம்ப்யூட்டரின் அமைப்பில் கை வைக்கலாம். ஆப்பிள் கம்பெனி 2020 முதல் தன் சொந்தச் சிப்பைப் போடத் தொடங்கியது. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு "ஆர்ம்" வகைக் கோப்பு வேண்டும். "விண்டோஸ் எக்ஸ்.பி." போன்ற பழைய தட்டுகளுக்கு "இ.எப்.ஐ." என்ற புதிய துவக்க முறை ஒத்துவராது, அதை எடுத்துவிடவேண்டும்.

விண்டோஸ் தட்டு இன்னொரு வேடிக்கை செய்யும். "ஏதாவது ஒரு விசையை அமுக்கு" என்று கேட்டுச் சில வினாடிதான் காத்திருக்கும். அமுக்காவிட்டால் தட்டை விட்டுப் போய்விடும்! சுட்டியால் திரைக்குள் ஒரு முறை தட்டிவிட்டு, உடனே விசையை அமுக்கவேண்டும்.

எல்லாம் பதிந்து முடிந்ததும் தட்டை வெளியே எடுத்துவிடவேண்டும். மறந்துவிட்டால், அடுத்த முறையும் "புதிதாகப் பதியட்டுமா?" என்று முதலிலிருந்தே தொடங்கிவிடும்!