காற்று செய்த கவசம்

1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் வெள்ளைக் கவசம் அணிந்த வீரர்கள் அணி அணியாக வருவார்கள். அந்தக் கவசமும் தலைக்கவசமும் பார்ப்பதற்கு மிக உறுதியானவை போலத் தோன்றும். உண்மையில் அவை மெல்லிய பிளாஸ்டிக் ஓடுகளே! தட்டையான பிளாஸ்டிக் தகட்டை இப்படி வளைத்தது எது தெரியுமா? சுத்தியல் அல்ல, நம்மைச் சுற்றியுள்ள காற்றுதான்! இம்முறைக்கு 'வெற்றிட வார்ப்பு' என்று பெயர். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் வேண்டிய முகமூடிகள், கேடயங்கள் முதலியவற்றை இம்முறையில் செய்கிறார்கள்.

முதலில் அச்சு வேண்டும். ஒரு முகமூடி செய்வதாக வைத்துக்கொள்வோம். களிமண்ணில் முகத்தை வடித்து, அதன்மேல் பாரிஸ் சாந்தை ஊற்றுவார்கள். அது இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டால் முகத்தின் வடிவில் ஒரு குழி கிடைக்கும். குழியின் உட்புறம் சோப்புக் கரைசலைப் பூசி மீண்டும் சாந்தை ஊற்றினால், களிமண் முகத்தைப் போன்றே கெட்டியான முகம் ஒன்று வெளிவரும். இதுவே அச்சு.

பாரிஸ் சாந்து எதற்கு? ஜிப்சத்தைச் சுமார் 150° செல்சியஸுக்குச் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் பெரும்பகுதி வெளியேறிவிடும். அப்படிக் கிடைக்கும் வெள்ளைப் பொடியே பாரிஸ் சாந்து. அதில் நீர் சேர்த்தால், இழந்த நீரைத் திரும்பப் பெற்று மீண்டும் ஜிப்சமாக இறுகுகிறது. இறுகும்போது சற்றே விரிவடைவதால் நுண்ணிய கோடுகளிலும் புகுந்து நிறைந்துவிடுகிறது. சூடான பிளாஸ்டிக் பட்டாலும் உருகாது.

இனிக் காற்றின் வேலையைப் பார்ப்போம். அச்சில் பள்ளமான இடங்களில் நுண்ணிய துளைகள் இடுவார்கள். பிளாஸ்டிக் தகட்டைச் சட்டத்தில் பொருத்தி, அப்பளம்போல் தொய்யும்வரை சூடாக்கி, அச்சின்மேல் இறக்குவார்கள். உடனே அடியிலுள்ள பம்பு, தகட்டுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள காற்றை வெளியேற்றும். நொடிப்பொழுதில் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும்!

பம்பு தகட்டை இழுத்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் சுமார் 1 கிலோகிராம் எடை அளவு அழுத்துகிறது. தகடு 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உடையதானால் அதன் பரப்பு 900 சதுர செ.மீ. அதாவது ஏறத்தாழ 900 கிலோகிராம்! முன்பு கீழிருந்த காற்றும் அதே அளவு மேல்நோக்கி அழுத்தியதால் தகடு அசையவில்லை. கீழுள்ள காற்றில் பாதியை நீக்கினாலே 450 கிலோகிராம் எடை மேலிருந்து அமுக்கும். இளகிய பிளாஸ்டிக் எப்படித் தாங்கும்?

அச்சின் பக்கங்கள் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும். மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால் ஆறிய பிளாஸ்டிக் அச்சைக் கவ்விக்கொண்டு கழலாது. ஆகவே முழுத் தலைக்கவசத்தை ஒரே ஓடாகச் செய்யாமல், பகுதி பகுதியாக வார்த்து இணைப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை! பாரிஸ் சாந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. அதிக அளவில் கலந்தால் வெப்பம் 60° செல்சியஸ்வரை ஏறலாம். 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, தன் கைகளின் உருவை வார்க்க எண்ணி, சாந்து நிறைந்த வாளிக்குள் அவற்றை வைத்தார். சாந்து கல்லாக இறுகிச் சுட்டது. கைகளை வெளியே எடுக்க முடியவில்லை. முடிவில் பல விரல்களை இழந்தார். எனவே கை, கால், முகம் எதையும் இச்சாந்துக்குள் ஒருபோதும் புதைக்காதீர்கள். பொடி மூக்கில் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டில் ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் குமிழ்களும் இம்முறையை ஒத்த முறையில் உருவானவையே. காலியான குமிழை விரலால் மெல்ல அழுத்துங்கள். மூலைகள் மற்ற இடங்களைவிட மெலிந்திருக்கின்றனவா? தகடு கடைசியாகச் சென்று படியும் இடம், மிக அதிகமாக நீளும் இடமும் ஆகும். இதே காரணத்தால் முகமூடியில் எந்த இடம் முதலில் உடையும்? நீங்களே சிந்தித்துச் சொல்லுங்கள்!