விபத்தில் உதவினால் போலீஸ் கேஸ் வருமா? சட்டம் யாரைக் காக்கும், யாரைக் காக்காது?

2024 மே 19 அதிகாலை, புனே கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற இரண்டு இளம் ஐடி ஊழியர்கள் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாகச் சொல்லப்படும் 17 வயது சிறுவனைப் பிடித்துப் போலீஸிடம் ஒப்படைத்தது, அங்கிருந்த பொதுமக்கள்தான். அடுத்த சில நாட்களில், கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லவில்லை என்று ஏரவாடா காவல் நிலைய அதிகாரிகள் இருவர் சஸ்பெண்ட் ஆனார்கள். ரத்த மாதிரியை மாற்றியதாக சசூன் அரசு மருத்துவமனை டாக்டர்கள் இருவர் கைதானார்கள்.

முதலில் ஓடி வருபவருக்கும், கடமையில் இருப்பவருக்கும் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

உதவப் போய் நாம மாட்டிக்குவோமா?

மாட்ட மாட்டீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவுப்படி, நல்லெண்ணத்தோடு, பலன் எதிர்பார்க்காமல் உதவியவர் மீது, காயமடைந்தவர் இறந்தாலும் சிவில், கிரிமினல் வழக்கு தொடர முடியாது. ஆனால், ஆத்திரத்தில் டிரைவரை அடித்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பெயர், நம்பர் கொடுத்தே ஆகணுமா?

வேண்டாம். போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வதும் உங்கள் விருப்பம். ஒப்புக்கொண்டால், உங்களுக்கு வசதியான இடத்தில், ஒரே தடவையில் விசாரணையை முடிக்க வேண்டும். உதவியவரை மருத்துவமனை பிடித்து வைப்பதோ, அட்மிஷனுக்குப் பணம் கேட்பதோ கூடாது. இந்த விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் சட்ட வலு கொடுத்தது.

போலீஸ், அரசு டாக்டர் மீது வழக்கு போட முடியுமா?

முடியும். பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கினால் பிஎன்எஸ் 132-ன்படி 2 ஆண்டு வரை சிறை. பணி தொடர்பான செயலுக்காக அவர் மீது வழக்கு நடத்த, பிஎன்எஸ்எஸ் 218-ன்படி அரசின் முன் அனுமதி தேவைப்படலாம். முன்பு இந்த அனுமதி வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்படலாம். இப்போது 120 நாட்களில் அரசு முடிவெடுக்காவிட்டால், அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும்.

முக்கியமான விஷயம்: ஆவணத்தைத் திருத்துவது அரசுப் பணியின் பகுதியே அல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதாவது, நேர்மையாகச் செய்த வேலைக்குத்தான் கவசம். ஆதாரத்தை மறைப்பதற்கு அல்ல.

போலீஸ் தவறு செய்தால்?

உயர் அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். கடுமையான முறைகேடு என்றால், மாநில காவல் புகார் ஆணையத்தை அணுகலாம்.

அதனால், அடுத்த முறை ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் தயங்காதீர்கள். 108-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். நேரத்தையும் இடத்தையும் குறித்து வையுங்கள். பிற்பாடு யாராவது உண்மையை மறைக்கப் பார்த்தால், அந்தக் குறிப்பும் ஆதாரமாகலாம்.