மூன்று செடிகளின் வண்ணங்கள்

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்நகரின் மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில், ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி, பழங்காலத் துறவி மடம் போன்ற கட்டடம் ஒன்று குன்றின்மேல் நிற்கிறது. அதுவே கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகம். மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் கிளையான இது, 1938இல் திறக்கப்பட்டது.

கட்டடம் புதியது, அதிலுள்ள கற்கள் பல பழையவை. ஐரோப்பியக் கிறித்துவ மடங்களின் நடுவே திறந்த முற்றம் இருக்கும். அதைச் சுற்றித் தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரத்தையே கிளாய்ஸ்டர் என்பர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பல மடங்கள் கைவிடப்பட்டு, அவற்றின் தூண்கள் திக்குக்கொன்றாய்ச் சிதறின. ஜார்ஜ் கிரே பார்னார்ட் என்னும் அமெரிக்கச் சிற்பி அவற்றைத் தேடி வாங்கிக் கப்பலேற்றினார். 1925இல் செல்வந்தர் ராக்பெல்லர் அளித்த நிதியைக் கொண்டு அருங்காட்சியகம் அத்தொகுப்பை வாங்கியது. அத்தூண்கள் அழிவிலிருந்து காக்கப்பட்டனவா, பிறந்த மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டனவா? எளிதில் விடை கூற முடியாத கேள்வி இது. கூக்சா என்ற மடத்தின் தூண்களில் ஒரு பகுதி இங்கே நிற்கிறது. மற்றொரு பகுதி பிரான்சிலுள்ள அதே மடத்தில் நிற்கிறது.

கற்களைத்தான் இடம் மாற்ற வேண்டியிருந்தது. தோட்டத்தையோ புதிதாகவே வளர்க்கலாம். இங்குள்ள போன்போன் முற்றத்தில், இடைக்கால ஐரோப்பியர் அறிந்திருந்த மூலிகைகளும் சாயச் செடிகளும் பயிரிடப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். வெல்ட் செடி மஞ்சள் நிறம் தரும். நம் மஞ்சிட்டிக்கு உறவான மேடர் செடியின் வேர் சிவப்பைத் தரும். வோட் செடியின் இலை நீலத்தைத் தரும். அவுரியில் உள்ள அதே நீலச் சாயம்தான் வோட் இலையிலிருந்தும் கிடைக்கிறது. சாயத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது கம்பளி நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும்! நீல நூலை மீண்டும் மஞ்சள் சாயத்தில் தோய்த்தால் பச்சை கிடைக்கும்.

தோட்டத்தைப் பார்த்தபின் உள்ளே சென்றால், ஒற்றைக்கொம்புக் குதிரையை வேட்டையாடும் காட்சிகளைக் காட்டும் ஏழு திரைச்சீலைகளைக் காணலாம். அவை ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில் நெய்யப்பட்டவை. அவற்றின் வண்ணங்களுக்கு அடிப்படை இந்த மூன்று செடிகளே. பின்னணியிலும் பூக்களும் மரங்களும் நிறைந்துள்ளன. அவற்றுள் 85 வகைகளைத் தாவரவியலாளர்கள் பெயரிட்டு அடையாளம் கண்டுள்ளனர். நெசவாளர்களுக்குச் செடிகொடிகளைப் பற்றி அவ்வளவு துல்லியமான வடிவங்கள் கிடைத்திருக்கின்றன.

நீண்டகாலம் ஒளி பட்டால் இயற்கைச் சாயம் மங்கும். 1998இல் திரைச்சீலைகளைத் தூய்மைப்படுத்துவதற்காகப் பின்புறம் தைத்திருந்த துணியைப் பிரித்தார்கள். ஒளி படாத அப்பக்கத்தில் சிவப்பும் பச்சையும் முன்புறத்தைவிடப் பளிச்சென்று இருந்தன.